தையல் குழுவின் ஆண்டறிக்கை: போர்வைகளும் அவற்றின் ஓரங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, குழுச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் செந்தூல் வட்டாரத்திலிருந்து டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு போர்வை தைத்துக் கொடுப்பது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தோம். கோலாலம்பூர் வெயிலில் போர்வை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், குளிர்சாதன அறையில் சாய்ந்து கிடக்க வேண்டும். இரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுற்றி வருவதால் உடம்பு குளிர்ந்துவிடுகிறது. என் மாமியாருக்குத் துணையாகப் போய் உட்கார்ந்தவள் நான். அவர் பற்கள் தந்தியடித்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

இந்த ஆண்டு 63 போர்வைகளைத் தொடங்கினோம். 52 போய்ச் சேர்ந்துவிட்டன. மீதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

துணியை ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் கடைகளில் வாங்கினோம். 1979இல் அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் ஆலையில் பிறந்த ஃபிளீஸ் என்னும் இந்த மெத்தென்ற துணி, பாலியஸ்டர் நூலில் பின்னியது. எடை குறைவு, துவைத்தால் சீக்கிரம் காயும், வெட்டிய இடத்தில் நூல் பிரியாது. ஆளுக்கு 1.2 மீட்டர் எடுத்து, இரு பக்கக் கரைகளையும் நறுக்கிவிட்டால் 58க்கு 47 அங்குலம் நிற்கும். எது நல்ல பக்கம் என்று தெரியாமல் முதல் நாள் திண்டாடினோம். வெட்டிய ஓரத்தை அகலவாக்கில் இழுத்துப் பார்த்தால் துணி பின்பக்கமாகச் சுருளும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் காட்டிக் கொடுத்தார்.

முதல் ஆறு மாதம் முடிச்சுப் போர்வைகள் செய்தோம். இரண்டு துணிகளைப் பின்பக்கம் உள்ளே வரும்படி ஒன்றன்மேல் ஒன்று விரித்து, நான்கு மூலைகளிலும் நான்கு அங்குலச் சதுரத்தை வெட்டி எடுத்து, சுற்றிலும் ஓர் அங்குல அகலத்தில் நான்கு அங்குல நீளத்துக்குக் குஞ்சம் கத்தரித்து, மேல்துணிக் குஞ்சத்தையும் கீழ்த்துணிக் குஞ்சத்தையும் சேர்த்து முடிய வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு போர்வைக்கு 178 முடிச்சுகள். இறுக்கி முடிந்தவர்களின் போர்வைகள் ஓரம் சுருங்கிக் கிண்ணம்போல் குவிந்தன. அவற்றை அவிழ்த்து மீண்டும் முடிந்தோம். பார்க்க அழகுதான். ஆனால் டயாலிசிஸ் மையத்துக்குக் கொண்டுபோனபோது, தாதி ஒருவர் போர்வையைத் தடவிப் பார்த்துவிட்டு, தொங்கும் குஞ்சம் குழாய்களில் சிக்கக்கூடும் என்றார். ஊசி குத்திய கை எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து முறையை மாற்றினோம்.

அதன் பிறகு ஒற்றைத் துணிதான். மூலையில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துச் சாக்கட்டியால் வளைவு வரைந்து வெட்டுகிறோம். ஓரத்துக்குக் கையால் தையல்: காஜா தைப்பதுபோலத்தான், அரை அங்குலம் இடைவெளி விட்டு. இழுத்துப் பிடித்தால் துணி அலை அலையாக நெளியும். நூல் துணிமேல் படுத்திருந்தால் போதும். இயந்திரத்தில் தைப்பவர்கள் நுனி உருண்ட ஊசியும் நான்கு மில்லிமீட்டர் தையலும் வைத்துக்கொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். அவசரத்தில் ஒருவர் தேய்த்த இடம் உருகிப் பளபளவென்று நின்றுவிட்டது. குளிர்ந்த நீரில் துவைக்கவும், துணி மென்மையாக்கி ஊற்ற வேண்டாம் என்று தமிழிலும் மலாயிலும் எழுதிய சீட்டு ஒவ்வொரு போர்வையோடும் போகிறது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இடம் கொடுத்தவர்களுக்கும் கத்தரிக்கோல் சாணை பிடித்துத் தந்த அண்ணனுக்கும் குழுவின் நன்றி.

மீதி 11 போர்வைகள் அலமாரியில் இருக்கின்றன. எல்லாம் வெட்டியாகிவிட்டது, ஓரம்தான் பாக்கி. நூல் பிரியாத துணிதானே, அப்படியே கொடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு போர்வையின் ஓரத்தைத்தான் விரலால் நெருடிக்கொண்டே இருப்பார். நான்கு மணி நேரமும் அவர் கைக்கு அகப்பட்டது அதுதான். ஆகவே, கடைசி நூல்முனையையும் தையலுக்குள் செருகி மறைக்காமல் எந்தப் போர்வையும் வெளியே போகக்கூடாது என்ற தீர்மானத்தை இக்கூட்டத்தில் முன்மொழிகிறேன். வீட்டுக்கு எடுத்துச் சென்று தைக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். ஊசியும் நூலும் கொண்டு வந்திருக்கிறேன்.

செயலாளர்
செந்தூல், கோலாலம்பூர்