அசோக் மித்ராவைப் பற்றி, பழைய அறைத் தோழனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் அறுவைக்குப் பிறகு நாளுக்கு அரை மணிக்கு மேல் படிக்கக் கூடாது என்று டாக்டர் கட்டளையிட்டிருப்பதால், உன் நாலு பக்கத்தையும் இரண்டு தவணையாகத்தான் படித்தேன். பேத்தி பிறந்ததில் மிக்க மகிழ்ச்சி. பெயர் வைத்ததும் எழுது.

மூன்றாம் பக்கத்தில், "பொருளாதாரப் பேராசிரியர்களுக்கு அரசியல் ஒத்துவராது, நம் அசோக் மித்ராவையே பார்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறாய். மேற்கு வங்கத்தின் நிதியமைச்சராக இருந்த அந்தப் பொருளாதாரப் பேராசிரியரைப் பற்றிய அந்த வரியைச் சும்மா விட மனம் வரவில்லை.

கல்கத்தாவில் நம் ராஷ்பிஹாரி அவென்யூ அறை நினைவிருக்கிறதா? இரவு ஏழு மணிக்கு லோட் ஷெடிங். அரிக்கேன் விளக்கின் கண்ணாடியை நீ செய்தித்தாளால் துடைப்பாய், நான் திரியைக் கத்தரிப்பேன். காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதையில் வாங்கிய பழைய 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழ்களில், 'ஏ.எம்.' என்ற இரண்டெழுத்தில் அவர் எழுதிய 'கல்கத்தா டைரி'யை மாறி மாறி வாசிப்போம். இப்படி எழுதிய ஆள் கையில் கஜானா இருந்தும் நமக்கு ஒரு பல்பு எரியவில்லையே என்று நீ சிரிப்பாய். உன் தரப்பு அன்றைக்கே முடிவாகிவிட்டது போலிருக்கிறது.

எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. 1928-ல் டாக்காவில் பிறந்து, பிரிவினைக்குப் பின் இந்தப் பக்கம் வந்தவர். நெதர்லாந்தில் டின்பெர்கனிடம் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்கினார். பொருளாதாரத்துக்கான முதல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே டின்பெர்கன்தான். கல்கத்தா ஐ.ஐ.எம்மில் பேராசிரியர், 1970 முதல் 1972 வரை இந்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர். அதற்கு மேல் ஒரு பொருளாதாரக்காரன் ஆசைப்பட என்ன இருக்கிறது? விவசாய விலை ஆணையத்துக்கும் அவர் தலைவராக இருந்தார். கோதுமைக்கும் நெல்லுக்கும் அரசு என்ன விலை கொடுக்கலாம் என்று சொல்லும் நாற்காலி அது. அதில் உட்கார்ந்தவர், பிறகு 1977-ல் வந்த புத்தகத்தில் எழுதியது என்ன? கொள்முதல் விலையை ஏற்றினால் லாபம், விற்பதற்கு மிச்சம் வைத்திருக்கிற பெரிய நிலக்காரருக்கு. அரிசி வாங்கித் தின்கிற கூலிக்காரனுக்கும் குறுவிவசாயிக்கும் அது நஷ்டம். பெருவிவசாயிகளும் முதலாளிகளும் செய்துகொண்ட அரசியல் உடன்பாடுதான் விலைகளில் தெரிகிறது என்பது அவர் வாதம். விவசாயி மகனான நீ இதற்காக என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாய்!

அதே ஆண்டு மேற்கு வங்கத்தில் இடது முன்னணி வென்று, முதல்வர் ஜோதி பாசுவின் மந்திரிசபையில் மித்ரா நிதியமைச்சர் ஆனார். நான் பத்ரலோக் (வங்காளத்துக் கனவான்) அல்ல, கம்யூனிஸ்ட் என்று அவர் சொன்ன பேச்சு அப்போது கல்கத்தா முழுக்கப் புழங்கியது. சொன்னவர் வெள்ளை வேட்டியும் பஞ்சாபி எனும் ஜிப்பாவுமாக, அசல் பத்ரலோக் மாதிரிதான் இருப்பார் என்பது வேறு விஷயம்.

நிலச் சீர்திருத்தம் அவர் துறை அல்ல. பர்காதார்கள் எனும் வாரக் குத்தகையாளர்களின் பெயரைப் பதிவு செய்ய அதிகாரிகள் கிராமத்துக்கே போய், வேலை முடிந்து குத்தகையாளர்கள் திரும்பும் மாலை நேரத்தில் கூட்டம் போட்டதெல்லாம் வேறு பலரின் உழைப்பு. மித்ராவின் களம் டெல்லியோடு போட்ட கணக்குச் சண்டை. மத்திய அரசு கலால் வரியை உயர்த்தினால் மாநிலங்களுக்குப் பங்கு தர வேண்டியிருந்தது. அன்று தானே நிர்ணயித்த நிலக்கரி, பெட்ரோலிய விலையையே உயர்த்திவிட்டால் அத்தனையும் மத்திய அரசுக்கே. வருமான வரிமேல் போடும் கூடுதல் வரியிலும் பங்கு கிடையாது. இதை அவர் அடித்துச் சொன்னபோது 'வங்காளத்துப் புலம்பல்' என்றார்கள். இன்றைக்கு செஸ், சர்சார்ஜ் என்ற மேல்வரிகளில் பங்கு இல்லை என்று எந்த மாநில நிதியமைச்சர் பேசினாலும் எனக்கு அந்த அரிக்கேன் வெளிச்சம்தான் ஞாபகம் வருகிறது. ரயில் கட்டணத்தைச் சமன் செய்து, இரும்புக்கும் எஃகுக்கும் நாடு முழுக்க ஒரே விலை என்று வைத்திருந்த ஏற்பாட்டையும், பக்கத்தில் இருக்கும் அனுகூலம் போய்விட்டது என்று வங்காளத்தார் திட்டினார்கள். அதில் நன்மை அடைந்தவர்களில் நம் தெற்கத்தித் தொழிற்சாலைக்காரர்களும் உண்டு என்பதால், அங்கே நாம் இருவரும் வாயைத் திறக்கவில்லை!

ஹூக்ளிக் கரையில் சணல் ஆலைகள் பூட்டிக் கிடந்ததை நீ எடுத்துக்காட்டுவாய். ஒப்புக்கொள்கிறேன். தொழில் பெருகவில்லை. டெல்லியைக் குற்றம் சொல்லிச் சொல்லி, உள்வீட்டுத் தவறுகளைப் பார்க்கும் கண் மங்கியது என்றும் சொல்வேன். ஆனால் பாசுவோடு ஒத்துப்போகாதபோது அமைச்சர் பதவியை விட்டுவிட்டு வெளியே வந்தாரே, அதற்குப் பெயர் ஒத்துவராமை என்றால் அப்படியே இருக்கட்டும். பிறகு மாநிலங்களவைக்குப் போனார். வங்காளிக் கட்டுரைகளுக்காக சாகித்ய அகாதெமி விருதும் வாங்கினார். 2007-ல் நந்திகிராமத்தில் நிலம் எடுப்பதை எதிர்த்த கிராமத்தாரை இடது முன்னணி அரசின் போலீஸ் சுட்டு 14 பேர் இறந்தபோது, எண்பதை நெருங்கிய வயதில் தன் ஆட்களையே எழுத்தில் கண்டித்தார். எதிரியைத் திட்ட எவனாலும் முடியும்.

அவருக்குப் பின் நிதியமைச்சர் நாற்காலிக்கு வந்த அசிம் தாஸ்குப்தாவும் பொருளாதாரப் பேராசிரியர்தான். 2011 வரை இருந்தார். கடைசியில் அவரைத் தேர்தலில் தோற்கடித்த அமித் மித்ராவும் பொருளாதார நிபுணர்! உன் கொள்கைப்படி வங்காளத்து வாக்காளர்களுக்கு என்னதான் வழி?

மித்ரா 2018-ல் மே 1 அன்று காலமானார். அன்று காலை உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

மேலே விலை பற்றி எழுதியதெல்லாம் நினைவிலிருந்து எழுதியது. காரணம், அந்தப் புத்தகம் 1984 முதல் உன்னிடம் இருக்கிறது. முன் அட்டையில் அரிக்கேன் விளக்கின் மண்ணெண்ணெய்க் கறை இருக்கும், என் கையெழுத்து உள்ளே இருக்கும். பதிவுத் தபாலில் அனுப்பு. செலவை நான் தருகிறேன்.

உன் பழைய அறைத் தோழன்