இம்போர்ட்டர் எழுதுகிறவரிடமிருந்து, கிராஃப் தளம் கட்டுகிறவர்களுக்கு

கிராஃப் தரவுத் தளங்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

நான் சில ஆண்டுகளாக உங்கள் தளங்களுக்கு இம்போர்ட்டர் எழுதிவருகிறேன். யாராவது ஒரு கோப்பைக் கொண்டுவருவார்கள். அது சிஎஸ்வியாக இருக்கலாம், எக்ஸ்எம்எல்லாக இருக்கலாம், அவர்கள் அலுவலகத்தில் யாரோ எப்போதோ வகுத்துவிட்டுப் போன தனி வடிவமாகவும் இருக்கலாம். அதை வாசித்து, கணுக்களாகவும் (ஆள், பொருள் போன்றவை) அவற்றுக்கு இடையிலான இணைப்புகளாகவும் மாற்றி உங்கள் தளத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. உங்கள் வினவல் மொழியிலும் பாதை தேடும் வேகத்திலும் எனக்குக் குறை எதுவும் இல்லை. நாங்களாகவே இம்போர்ட்டர் எழுதிச் சேர்க்க நீங்கள் விட்டிருக்கும் வாசல்தான் மிகக் குறுகலாக இருக்கிறது.

நான் வேலை செய்த பல தளங்களில் ஏற்பாடு ஒன்றுதான். ஒரு ஃபங்ஷன் எழுத வேண்டும். கோப்பு உள்ளே போகும், கணுக்களும் இணைப்புகளும் வெளியே வரும். அவ்வளவுதான். இம்போர்ட்டர் என்றால் கோப்பை வாசித்துப் பிரிக்கும் பார்சர் மட்டுமே என்ற எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு இது. அட்டவணைத் தளத்துக்கு இது ஓரளவு போதும். கிராஃபிலோ ஒவ்வொரு பதிவைத் தொடும்போதும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இதில் வருகிறவர் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்தானா, புதியவரா? ஒரே ஆளை இரண்டு கணுவாக வைத்துவிட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு ஆட்களை ஒரே கணுவாக்கிவிட்டால் இருவரின் இணைப்புகளும் கலந்துபோகும். எந்த இணைப்பு யாருடையது என்று கிராஃபை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

இது எனக்கே நேர்ந்தது. ஒரு திட்டத்தில் வந்த ஜேசன் கோப்பில் அடையாள எண்கள் 19 இலக்கம். அந்தத் தளம் கோப்பைத் தானே வாசித்து, மதிப்புகளை மட்டும் என் இம்போர்ட்டரிடம் கொடுக்கும். எண் எதுவானாலும் டபுளாகவே, அதாவது தசம எண்களுக்கான வடிவிலேயே வாசிக்கும். 64 பிட் டபுளில் 9007199254740992 வரைதான் எல்லா முழு எண்களும் பிசகாமல் நிற்கும். அடுத்த எண்ணான 9007199254740993-ஐ வாசிக்கச் சொன்னால் மறுபடியும் 992-இல் முடியும் எண்ணையே தரும். 19 இலக்கத்துக்குப் போனால் இடைவெளி இன்னும் பெரிது. அடுத்தடுத்து வழங்கப்பட்ட எண்கள் கூட்டம் கூட்டமாக ஒன்றாயின. மேலும் நான் மெர்ஜ் போட்டிருந்தேன், 'இருந்தால் சேர், இல்லாவிட்டால் உருவாக்கு' என்று. அட்டவணையில் வெறும் இன்சர்ட் என்றால் முதன்மைச் சாவி (இரண்டு முறை வரக் கூடாத அடையாளம்) இடித்து வேலை அங்கேயே நின்றிருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. சம்பந்தமே இல்லாத இரண்டு பேருக்கு நடுவே இரண்டே எட்டில் பாதை தெரிகிறதே என்று ஒருவர் வந்து கேட்ட பிறகுதான் தேடினோம். அதற்குள் அந்த கிராஃபை நம்பிச் சில முடிவுகளும் எடுத்திருந்தார்கள். அது இன்றும் மனதை உறுத்துகிறது.

அதனால் முதலில் கேட்பது இதுதான். கோப்பில் இருக்கும் எழுத்தை அப்படியே எங்களிடம் கொடுங்கள். எண்ணா, தேதியா, வெறும் சரமா என்று நீங்கள் ஊகிக்காதீர்கள், நாங்கள் அறிவிக்கிறோம். ஊகத்தின் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மரபணுப் பெயர்களே சான்று. 'செப்ட்2' என்ற மரபணுப் பெயரை விரிதாள் மென்பொருள் செப்டம்பர் 2 என்ற தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-இல் மரபணுப் பெயரிடும் குழுவே இறங்கிவந்து அதை 'செப்டின்2' என்று மாற்ற வேண்டியதாயிற்று. கிராஃபை எக்ஸ்எம்எல்லில் எழுதும் கிராஃப்எம்எல் வடிவம் இந்த விஷயத்தில் நல்ல வழி காட்டுகிறது. ஒவ்வொரு பண்பும் எந்த வகை என்பதைக் கோப்பே முன்கூட்டி அறிவித்துவிடும்.

எழுத்து என்றதும் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று உடனே புரியும். யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைட்டுகளை ஒப்பிட்டால் வேறு வேறு. ஒரே பெயருக்கு இரண்டு கணு முளைப்பது இப்படித்தான். சாவிகளை ஒப்பிடும் இடத்தில் மட்டும், இப்படிப்பட்ட இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் என்எஃப்சி முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மூல எழுத்தைத் தொடாமல் வையுங்கள். அப்புறம், யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் சில மென்பொருள்கள் வைக்கும் அந்த மூன்று பைட் குறியையும் கவனியுங்கள். அதை நீக்காவிட்டால் முதல் நெடுவரிசையின் தலைப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது.

அடுத்தது அடையாளத்தின் எல்லை. ஆர்டிஎஃப் (கிராஃபை எழுதும் இன்னொரு வடிவம்) கோப்பில் பெயரற்ற கணுவுக்குக் கொடுக்கும் குறி அந்தக் கோப்புக்குள் மட்டுமே செல்லுபடியாகும். கிராஃப்எம்எல்லில் 'என்0', 'என்1' என்று வரும் அடையாளங்களும் அந்த ஆவணத்துக்குள் தனித்தன்மையாக இருந்தால் போதும். வேறு வேறு இடத்திலிருந்து வந்த இரண்டு கோப்புகளில் 'என்0' இருக்கிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. ஆனாலும் வெறும் ஒரு சரத்தைச் சாவியாக வாங்கிக்கொள்ளும் தளங்களில் மாட்டிக்கொண்டு, மூலத்தின் பெயரைச் சாவியின் முன்னால் ஒட்டி ஒப்பேற்றியிருக்கிறேன். நியோ4ஜே என்ற கிராஃப் தளத்தின் மொத்த ஏற்றுமுறையில், ஓர் அடையாளம் எந்த அடையாளத் தொகுதியைச் சேர்ந்தது என்று நெடுவரிசைத் தலைப்பிலேயே குறிக்க முடியும். அந்த வசதி எல்லா இம்போர்ட்டருக்கும் வேண்டும்.

வரிசை இன்னொரு தலைவலி. கிராஃப்எம்எல்லில் கணு முன்னால் வர வேண்டும், இணைப்பு பின்னால் வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தளமோ, இரு முனையும் உள்ளே இல்லாத இணைப்பை ஏற்காது. நாங்கள் கோப்பை இரண்டு தடவை வாசிக்கிறோம், அல்லது மொத்தத்தையும் நினைவகத்தில் தாங்கிப் பிடிக்கிறோம். இதற்கு கெஃபி என்ற திறமூல மென்பொருள் ஒரு நல்ல விடை வைத்திருக்கிறது. அதில் இம்போர்ட்டர் நேரே கிராஃபில் எழுதுவதில்லை. வரைவுக் கணுக்களையும் வரைவு இணைப்புகளையும் ஓர் இடைக்கலத்தில் போடுகிறது. வழியில் கண்ட சிக்கல்களைத் தகவல், எச்சரிக்கை, கடுமையான பிழை என்று தரம் பிரித்து அறிக்கையில் சேர்க்கிறது. பயனர் அதைப் பார்த்துவிட்டு, புதிய இடத்தில் வைக்கவா, இருப்பதோடு சேர்க்கவா என்று தேர்ந்தெடுக்கிறார். அதன் பிறகே கிராஃபில் ஏறுகிறது. அது மேசைக் கணினிக்கான மென்பொருள், அதனால் நினைவகமே போதுகிறது. உங்கள் சர்வரில் அந்த இடைக்கலம் வட்டில் இருக்க வேண்டியிருக்கும். இருந்தாலும் அந்தப் படிநிலையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பிழை அறிக்கையில் வரி எண்ணை மட்டும் தராதீர்கள். சிஎஸ்வி வடிவை விவரிக்கும், 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 ஆவணம் சொல்கிறபடி, மேற்கோளுக்குள் இருக்கும் சிஎஸ்வி புலத்தில் வரி முறிவு இருக்கலாம். ஒரு பதிவு மூன்று வரிகளில் ஓடலாம். பதிவு எண்ணும் கோப்பில் அது தொடங்கும் பைட் இடமும் இருந்தால்தான் தேடிப்பிடிக்க முடியும். வேகத்துக்காகக் கோப்பை வரி முறிவுகளில் வெட்டி, ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்களுக்குக் கொடுக்கும் தளங்கள் இதே காரணத்தால் பதிவுகளை நடுவில் வெட்டுகின்றன. தவறிய பதிவுகளை மூல வடிவிலேயே தனிக் கோப்பாகத் திருப்பிக் கொடுங்கள். திருத்தி, அவற்றை மட்டும் மறுபடி ஏற்றிவிடுவோம்.

மறுபடி ஏற்றுவது என்றதும் நான் மிகவும் விரும்பிக் கேட்கும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஓர் அடையாளம் வேண்டும். எந்தக் கணு, எந்த இணைப்பு, எந்தப் பண்பு எந்த ஏற்றத்தில் வந்தது என்பது பதிவாக வேண்டும். ஒரு கணுவை இரண்டு மூலங்கள் சொல்லியிருந்தால், ஒன்றைத் திரும்பப் பெறும்போது மற்றது சொன்னது நிற்க வேண்டும். அந்த 19 இலக்கக் கோப்பின் நாளில் இது மட்டும் இருந்திருந்தால், தப்பான ஏற்றத்தை மட்டும் பிடுங்கியிருப்போம். இல்லாததால் கிராஃப் மொத்தத்தையும் அழித்து, முதல் கோப்பிலிருந்து கட்டினோம். அதோடு, வரும் கோப்பு முழுமையானதா, மாற்றங்கள் மட்டும் கொண்டதா என்று இம்போர்ட்டர் அறிவிக்கவும் ஓர் இடம் வையுங்கள். நேற்று இருந்த பதிவு இன்று இல்லை என்றால் நீக்குவதா, விட்டுவிடுவதா என்பது அதைப் பொறுத்தே அமையும்.

பாதுகாப்பைப் பற்றி நீங்களே அறிவீர்கள். எக்ஸ்எம்எல் வாசிப்பானில், கோப்புக்கு வெளியே இருப்பதை இழுத்துவரும் வெளிப்புற என்டிட்டிகளைத் தொடக்கத்திலேயே மூடிவையுங்கள்.

கிராஃப் வினவலுக்கு 2024-இல் ஐஎஸ்ஓ தரம் வந்துவிட்டது. ஜிக்யூஎல் என்கிறோம். ஒரு தளத்துக்கு எழுதிய இம்போர்ட்டரை இன்னொரு தளத்தில் போட இன்றும் வழி இல்லை. அதற்கும் ஒரு பொதுத் தரம் வரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. இம்போர்ட்டர் போன்ற துணை நிரல்களைச் சேர்க்க அடுத்த பதிப்பில் வரும் ப்ளக்இன் இடைமுகத்தை முடிவு செய்வதற்கு முன், இம்போர்ட்டர் எழுதுகிற இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, தங்களைப் படாதபாடு படுத்திய கோப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தக் கோப்புகளை உங்கள் இடைமுகத்தின் வழியாக ஏற்றிப் பாருங்கள். என்னுடையவற்றை ஆட்களின் விவரங்கள் நீக்கி, சிறிதாக்கி வைத்திருக்கிறேன். கேட்டால் அன்றே அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் தளங்களுக்கு இம்போர்ட்டர் எழுதும் ஒருவன்