இலாபத்தில் சேர்த்துக்கொண்ட கம்பனியை முறைப்பாட்டில் கழற்றிவிடாதீர்கள்

குழுமத்தின் தலைவருக்கும் பணிப்பாளர் சபைக்கும்,

வணக்கம். உங்கள் துணைக் கம்பனியான லீசிங் கம்பனி, தவணைக் காசு பிந்தியதற்காக அப்பாவின் உழவு இயந்திரத்தைப் பறித்துக்கொண்டு போனது பற்றிய எங்கள் முறைப்பாடு உங்களுக்குப் புதிதல்ல. மூன்று கடிதம் போட்டோம், மூன்றுக்கும் ஒரே பதில்தான்: "லீசிங் கம்பனி தனியான சட்ட ஆள், அதன் தீர்மானங்களில் நாங்கள் தலையிடுவதில்லை."

2024 நவம்பர் வெள்ளத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் வேளாண்மை அழிந்தது. அப்பா லீசிங்குக்கு மாதாமாதம் கட்டும் கட்டுக்காசில் மூன்று பிந்தினார். கோடை உழவு நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அவர் வாய்க்காலில் கால் கழுவப் போன நேரம் லீசிங் கம்பனிக்காரர் வந்து லாண்ட்மாஸ்டரை, அதுதான் அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, ஏற்றிவிட்டார்கள். சில்லில் சேறு காயவில்லை. பெட்டிக்குள் கழற்றி வைத்த செருப்பும் சோற்றுப் பார்சலும் அதோடு போயின. வெறுங்காலோடு மண்டூர்த் துறைக்கு நடந்து, மிதவைப் பாதையில் வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வந்து, களுவாஞ்சிக்குடிக் கிளைக்குப் போனார். வெள்ளச் சேதத்துக்குக் கிராம சேவகர் கொடுத்த கடிதத்தை அவர்கள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கொழும்பில் கேட்கச் சொன்னார்கள். கொழும்பில் நீங்கள் கிளையைக் கேட்கச் சொல்கிறீர்கள்.

தனிச் சட்ட ஆள்தான், சரி. ஆனால் கட்டுக்காசுப் பற்றுச்சீட்டின் தலையில் இருப்பது உங்கள் இலச்சினை. அதை நம்பித்தான் அப்பா கையெழுத்து வைத்தார். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி லீசிங் கம்பனியின் கணக்கையும் சேர்த்துத்தான் குழுமக் கணக்குக் காட்டுகிறீர்கள். அதன் பணிப்பாளர்களை நியமிப்பதும் நீங்கள்தான். வாடிக்கையாளர் பாதுகாப்புக் கொள்கை குழுமம் முழுவதற்கும் பொருந்தும் என்று ஆண்டறிக்கையில் எழுதியதும் நீங்கள்தான்.

சாம்பியாவில் சுரங்கக் கழிவால் பாதிக்கப்பட்ட 1,826 கிராமத்தவர்கள் தாய்க் கம்பனியான வேதாந்தா மீது போட்ட வழக்கை இங்கிலாந்தில் நடத்தலாம் என்று 2019இல் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் சொன்னது. துணைக் கம்பனியை மேற்பார்வை செய்வதாகத் தாய்க் கம்பனி வெளியிட்டிருந்த அறிக்கைகளையும் நீதிமன்றம் கவனத்தில் எடுத்தது. நாங்கள் வழக்குக்குப் போகிற வசதியுள்ளவர்கள் இல்லை. கடன் கொடுக்க மட்டும் ஊர் ஊராக, வீடு வீடாக வருகிறீர்கள். வெள்ளம் வந்தால் ஒருவரையும் காணோம். போரும் சுனாமியும் கண்ட சனத்திடம் இப்படி நடக்கலாமா?

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: துணைக் கம்பனி எடுத்த தீர்மானத்துக்கு நீங்கள் பொறுப்பேற்று, உங்கள் சபையின் கையொப்பத்தோடு பதில் தாருங்கள். லாண்ட்மாஸ்டரைத் திருப்பித் தாருங்கள், பிந்திய காசை அறுவடையோடு கட்டி முடிப்போம். புரட்டாதியில் மாரி உழவு தொடங்க வேண்டும். தயவுசெய்து அதற்கு முதல்.

இப்படிக்கு,
மண்டூரிலிருந்து ஒரு விவசாயியின் மகள்