சாகாத தாராவையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பறவைக் காய்ச்சல் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த செய்தி, ‘பறவைகள் கூட்டமாகச் செத்தால் அறிவியுங்கள்’ என்ற அறிவுரையோடு நின்றுவிடுகிறது. கோழிக்கு அது பொருந்தும். இந்நோயைத் தரும் எச்5என்1 வைரசின் கொடிய வகை தொற்றினால் கொண்டை நீலம்பாரித்து, சிலவேளை எந்த அறிகுறியுமின்றியே, ஓரிரு நாளில் கூடு வெறுமையாகிவிடும். காகமும் அன்னமும்கூட மடிகின்றன. புறா பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. தாரா (வாத்து) இனங்கள் பலவோ வைரசை எச்சத்தில் கழித்தபடியே நலமாக நீந்தித் திரியக்கூடியவை. செத்த பறவையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இவை கணக்கில் வரவே மாட்டா.

இரணைமடுப் பக்கம் எங்கள் வீட்டில் ஆறு தாராக்கள் நிற்கின்றன. மாரியில் குளத்துக்கு வரும் ஊசிவால் வாத்துகளோடு பகல் முழுதும் மேய்ந்துவிட்டு, பொழுதுபட வந்து, கோழிகள் குடிக்கும் அதே சட்டியில் சேற்று அலகை அலசுகின்றன. (வேறு சட்டி வைத்துப் பார்த்தேன், திரும்பியும் பார்க்கவில்லை.) வலசைப் பறவைகள் தங்கும் மாதங்களில் கால்நடை வைத்தியப் பணிமனைகள் குளக்கரைக் கிராமங்களில் நலமாயுள்ள தாராக்களிடமும் மாதிரி எடுக்க வேண்டும். கோழியையும் தாராவையும் பிரித்து அடைக்கக் கம்பிவலைக்குச் சிறு மானியமும் வழங்கலாம்.

வாசகர்,
கிளிநொச்சி