மடிப்பு விழுந்த துணி

கான்பெரா

அன்புள்ள சுப்பிரமணி,

முழங்கால் வலி தேவலையா? மகன் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. பேத்தியோடு பொழுது போகிறது, குளிர்தான் தாங்கவில்லை.

போன வாரம் இங்குள்ள போர் நினைவகத்தில் ஒரு துணித்துண்டைப் பார்த்தபோது உன் நினைவு வந்தது. முதல் உலகப் போரில் 80 விமானங்களை வீழ்த்திய ஜெர்மானியர் ரிக்டோஃபெனின் சிவப்பு விமானத்துத் துணி. நெசவுக்காரன் நீ பார்க்கவேண்டியது. இறக்கையின் மரச்சட்டத்தில் லினன் துணியைப் போர்த்தி, 'டோப்' என்ற செல்லுலோஸ் பூச்சு கொடுப்பார்கள். காயக்காய அது சுருங்கி, துணி பறைத்தோல் மாதிரி விறைத்துவிடும். நாம் தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது போலத்தான். ஆனால் கஞ்சி அலசினால் போய்விடும், இது போகாது. நாளாக ஆக அப்பளம் மாதிரி நொறுங்கும். அந்தத் துண்டை யாரோ வெகுகாலம் நாலாக மடித்து வைத்திருக்க வேண்டும். மடிப்பு நெடுக சிவப்பு உதிர்ந்து, உள்ளே இழை பழுப்பாகத் தெரிந்தது. அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

1918 ஏப்ரல் 21-ல் அந்த விமானம் பிரான்சில் சோம் ஆற்றுப் பக்கம், ஆஸ்திரேலியப் படை இருந்த இடத்தில் விழுந்தது. சிப்பாய்கள் ஆளுக்கொரு துண்டாக அறுத்துக்கொண்டார்கள். கேட்கவே வயிறு எரிகிறது. இன்று எஞ்சின் லண்டனில், இருக்கை டொராண்டோவில், விமானத்தை ஓட்டும் கைப்பிடித் தண்டு இங்கே. ஆனால் அதே ரக விமானம் ஒன்றை பெர்லினில் முழுசாகவே காட்சிக்கு வைத்திருந்தார்கள். அடுத்த போரில் அது அழிந்தது. அசல் என்று சொல்ல அந்த ரகத்தில் முழு விமானம் ஒன்றுகூட இன்று உலகில் இல்லை. பிய்த்துக்கொண்டு போனவர்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்ததுதான் மிஞ்சியது.

நான் பார்த்த துணித்துண்டைத் தொட்டுச் சீராக்காமல், உதிர்ந்தது உதிர்ந்தபடியே விட்டிருக்கிறார்கள். அதுதான் சரி. புதுச் சிவப்பு பூசினால் பார்க்க அழகாயிருக்கும், அன்று தூரிகை பிடித்தவன் கை அதில் இருக்காது. வெளிச்சமும் மங்கல்தான். வெயில் தின்ற இழைக்கு மருந்து கிடையாது.

உங்கப்பா கடைசியாக நெய்த சேலையை பீரோவில் மடித்துத்தானே வைத்திருக்கிறாய்? இன்றே பிரித்துவிடு. சரிகை மடிப்பில்தான் முதலில் அறும். துவைத்த வெள்ளை வேட்டியை உள்ளே விட்டு, ஒரு குழாயில் தளர்வாகச் சுற்றி வை. பாச்சை உருண்டையைத் துணிமேல் படவிடாதே. முந்தி எப்படி இருக்கிறதென்று பார்த்து எழுது.

அன்புடன்,
ராமசாமி