மாங்குளத்து மச்சானுக்கு, கமெராக் கண்ணாடி பற்றி

கிளிநொச்சி

அன்பு மச்சான்,

சுகந்தானே? இங்கே காலபோகத்துக்கு உழவு தொடங்கிவிட்டது. உன்ரை கராச்சிலும் இப்ப உழவு மிசின்கள் வரிசையில் நிற்கும்.

மருமகன் கனடாவிலிருந்து கொண்டுவரும் றே-பான் மெற்றா, அதுதான் கமெரா பூட்டின மூக்குக்கண்ணாடி, பற்றிக் கேட்டிருந்தாய். 2023இல் வந்த வகை என்றால் கமெரா 12 மெகாபிக்சல், உள்ளே 32 ஜிபி இடம். இரண்டு கையிலும் ஒயில் பிரண்டிருக்கேக்கை இஞ்சின் பிரிக்கிறதைப் பொடியளுக்கு எடுத்துக்காட்ட நல்ல சாமான்தான். காதில் கொளுவும் வலதுபக்கத் தண்டின் மேலுள்ள பட்டனை ஒருக்கால் அமத்தினால் படம், அமத்திப் பிடித்தால் வீடியோ. கை அழுக்கென்றால் "ஹே மெற்றா, ரேக் எ வீடியோ" என்று இங்கிலீசில் சொல்லு, எடுக்கும். வீடியோ நீளத்தைப் போனிலுள்ள மெற்றா அப்பில் 3 நிமிடத்துக்கு மாற்றிவை.

அந்த வகையில் திரை இல்லை. என்ன பதிகிறதென்று அந்த நேரம் பார்க்கேலாது, பிழைக்கிறதும் இங்கேதான். கண்ணை மட்டும் தாழ்த்தி நட்டைப் பார்த்தால் வீடியோவில் எதிர்ச் சுவர்தான் வரும். தலையோடு குனிய வேணும். கமெரா மூக்குக்கு நேரே இல்லாமல் சட்டத்தின் மூலையில் இருப்பதால் சாமான் கொஞ்சம் ஒதுங்கியும் விழும். சூம் இல்லை. ஆகக் கிட்டப் போனால் மங்கும். ஒரு முழம் தள்ளி நில். முதலில் பத்து விநாடி எடுத்துப் போனில் பார்த்துவிட்டுத் தொடங்கு.

பற்றறி 154 மில்லி அம்பியர் மணிதான். போனில் 5000 கிடக்கும். 4 மணித்தியாலம் என்று கொம்பனி சொல்வது விட்டுவிட்டுப் பாவித்தால். தொடர்ந்து வீடியோ எடுத்தால் சுறுக்காய் இறங்கும், தண்டும் சுடும். காத்தாடி ஒன்றும் உள்ளே இல்லை. எங்கட மத்தியான வெயிலில் சூடு கூடித் தானே நின்றுவிடும். நிழலில் எடு. சார்ஜ் பெட்டிக்குள் வைத்துத்தான் ஏற்றலாம். சார்ஜ் ஏறும் முனைகள் மூக்குப் பக்கம் இருப்பதால் வேர்வையும் கிரவல் புழுதியும் படிந்து ஏறாமல் விடும். காய்ந்த துணியால் துடை, தண்ணீர் ஊற்றாதே. தூறல் தாங்கும், குளத்தில் முழுகினால் தாங்காது.

வீடியோவைப் போனுக்கு இறக்கக் கண்ணாடியே ஒரு வைபை போடும். இணையச்சொல்லிப் போன் கேட்கும்போது மறுத்தால் ஒன்றும் இறங்காது. டேற்றா அதுக்குத் தேவையில்லை.

எடுக்கேக்கை முன்னால் ஒரு வெள்ளை வெளிச்சம் வரும். அதை மறைத்தால் கமெரா எடுக்காது. ஆனால் பட்டப்பகலில் அது கண்ணில் படாது, எடுக்கிறாய் என்று வாயால் சொல்லு. எங்கட சனம் ஆர் ஆரோ படம் எடுத்துக் களைத்த சனம். ஆமிக் காம்ப் வாசலால் போகேக்கை கழற்றிப் பெட்டிக்குள் வை. அங்கே நின்று விளக்கம் சொல்லேலாது.

மருமகன் தன்ரை போனோடு சோடி சேர்த்துப் பாவித்திருந்தால், தன்ரை கணக்கிலிருந்து நீக்கி, ரீசெற் பண்ணித் தரச்சொல். இல்லாட்டி உன்ரை போனோடு சேராது.

அன்புடன்,
உன்ரை மச்சான்