அண்ணாச்சியிடம் பேசப்போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

வெள்ளத் தண்ணீர் எட்டாதபடி அரிசி மில்லின் மின்சாரப் பேனல் போர்டு, மோட்டார், குடோன் தரையை எல்லாம் உயர்த்தச் சொல்லி, முதலாளி அண்ணாச்சியிடம் காட்ட நீ தயாரித்து அனுப்பிய பவர்பாயிண்டைப் பார்த்தேன். படம், அம்புக்குறி, கலர் எல்லாம் ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மில் ஆபீசில் போட்டுக் காட்டினால், மூன்றாவது பக்கத்திலேயே அண்ணாச்சிக்கு ஒரு போன் வரும், அவர் எழுந்து வெளியே போய்விடுவார். உன்னைப்போல முதலாளியைச் சம்மதிக்க வைக்க முடியாமல் தவிக்கிற பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய இருப்பதால், இதை எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

பாங்கில் கடன் மனு பார்க்கிற நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்தவள் நான். எதிரே வந்தவர்கள் எல்லாருக்கும் என்னைச் சம்மதிக்க வைப்பதுதான் வேலை. நன்றாகப் பேசியவர்களுக்குக் கடன் கிடைத்துவிடவில்லை. வீரவநல்லூர் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மில்லில் நெல் காயவைக்கிற டிரையர் போடக் கடன் கேட்டு வந்தார். அதிகம் பேசவில்லை. “பிசான நெல் போகம் ஒரு வருஷம் பொய்த்துப்போனா மூணு தவணை என்னால கட்ட முடியாதும்மா. அப்பம் கூலிக்கு அரைச்சுச் சமாளிக்கணும், அதுக்கு ரெண்டு பேர்ட்ட பேசி வச்சிருக்கேன்” என்றார். நான் கேட்க நினைத்ததை அவரே சொல்லிவிட்டார். எல்லாம் லாபம் என்று சொன்னவர்களிடம்தான் நான் துருவித் துருவிக் கேள்வி கேட்டேன்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. 1945இல் அமெரிக்க ராணுவத்தில் சிப்பாய்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஜப்பானோடு யுத்தம் சீக்கிரம் முடியாது என்று நம்பவைக்க இரண்டு வகை வானொலிப் பேச்சு தயாரித்தார்கள். ஒன்றில் தங்கள் தரப்பு வாதம் மட்டும். இன்னொன்றில் எதிர்த்தரப்பு வாதத்தையும் எடுத்துச் சொல்லிப் பேசினார்கள். ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர்களிடம் முதல் வகை நன்றாக வேலை செய்தது. மாற்றுக்கருத்து உள்ளவர்களிடம் இரண்டாவதுதான் எடுபட்டது. உன் அண்ணாச்சி எந்த வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அவரை மடக்குவது எப்படி என்பதை அப்புறம் பார்க்கலாம். நீ சொல்வது சரியா என்று முதலில் பார். அந்த வேலையை ஒழுங்காகச் செய்தால், அவரிடம் பேச வேண்டியதில் முக்கால்வாசி அதிலேயே கிடைத்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18இல் வந்தது நூறு வருஷத்துக்கு ஒருக்க வார வெள்ளம், இனி நம்ம காலத்தில் வராது என்கிறார் அண்ணாச்சி. 1992 நவம்பரில் தாமிரபரணி பொங்கியது அவருக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டுக்கும் இடையில் 31 வருஷம். இரண்டு வெள்ளத்தை வைத்து 30 வருஷத்துக்கு ஒன்று என்று விதி எழுத முடியாதுதான், ஆனாலும் 100 என்பதைவிட 30 உண்மைக்குப் பக்கம். அவரை மறுத்துப் பேசாதே. “92ல மில்லுக்குள்ள எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு அண்ணாச்சி?” என்று கேள். அவர் வாயாலேயே வரட்டும்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். பேனல் போர்டு, மோட்டார், குடோன் தரை எல்லாம் சேர்த்து 9 லட்சம் செலவு, வெள்ளத்தில் போனது 40 லட்சம் என்று போட்டிருக்கிறாய். 40 லட்சத்தை 30 வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 1 லட்சத்து 33 ஆயிரம். 9 லட்சத்தைப் பத்து வருஷக் கடனாக 10 சதவீத வட்டிக்கு வாங்கினால், அசலும் வட்டியும் சேர்ந்து வருஷத்துக்குச் சராசரியாக 1 லட்சத்து 40 ஆயிரம் பக்கம் வரும். போட்ட வேலை பத்து வருஷத்துக்குமேல் நிற்கும் என்பது உன் பக்கத்துக்கு பலம். இன்சூரன்ஸில் கொஞ்சம் திரும்ப வந்திருக்கும் என்பது அவர் பக்கத்துக்கு பலம். மொத்தத்தில் இழுபறி. அண்ணாச்சி மறுப்பதில் அர்த்தமே இல்லை என்று நீ நினைத்தாய் அல்லவா?

ஆனால் பேனல் போர்டை மட்டும் தனியாக எடுத்துப் பார். 2 லட்சத்து வேலை. அது மூழ்கியதால் போனதும், மில் நின்ற நாட்களின் நஷ்டமும் 15 லட்சம் என்று நீயே எழுதியிருக்கிறாய். வருஷத்துக்கு 50 ஆயிரம் நஷ்டத்தைத் தடுக்க 31 ஆயிரம் பக்கம் செலவு. இதில் வாதாட ஒன்றும் இல்லை. ஒன்பதைக் கேட்காதே, இரண்டைக் கேள். கெட்டிக்காரத்தனமாகக் குறைத்துக் கேட்கச் சொல்லவில்லை. கணக்கே அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

கேட்பதற்கு முன் ஒரு சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போ. வெள்ளையடித்தும் மறையாத பழுப்புக் கோடு ஒன்று மேற்குச் சுவரில் இருக்கிறது என்றாயே, அதைத் தரையிலிருந்து அள. மூட்டை அடுக்கிய அட்டியில் எத்தனையாவது வரி வரை நெல் ஊதிச் சாக்கு பிய்ந்தது என்று லோடுமேன்களிடம் கேள். அவர்கள் இடுப்பைத் தொட்டுக் காட்டுவார்கள், அதையும் அள. அப்புறம் நெல்லை மேலே தூக்குகிற எலிவேட்டரின் குழியை எட்டிப் பார். மோட்டார் மேலே இருந்தாலும் அடிப்பகுதி குழிக்குள்தானே கிடக்கிறது? தண்ணீர் முதலில் இறங்குகிற இடமே அதுதான். உன் பவர்பாயிண்டில் அந்தக் குழியைப் பற்றி ஒரு வரி இல்லை. அண்ணாச்சி முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார், முப்பது வருஷத்துக்கு மேலாக மில் ஓட்டுகிறவர்.

இப்படி விட்டுப்போனதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. கேரி கிளெய்ன் என்கிற உளவியலாளர் 2007இல் எழுதினார்: வேலையைத் தொடங்குமுன் சம்பந்தப்பட்டவர்களை உட்கார வைத்து, ‘திட்டம் படுதோல்வி ஆகிவிட்டது, ஏன் என்று எழுதுங்கள்’ என்று கேட்க வேண்டும். குறை சொல்லத் தயங்குகிறவனும் இதில் தாராளமாக எழுதுவான். நம் ஊரில் ஒரு திருத்தம் தேவை. முதலாளி உட்கார்ந்திருக்கிற அறையில் பாய்லர்காரர் வாயைத் திறக்க மாட்டார். அதனால் அவரையும் கணக்குப்பிள்ளையையும் எலெக்ட்ரீசியனையும் தனித்தனியாக, டீ குடிக்கிற நேரத்தில் கேள். கூட்டம் போடுவது கடைசியில், எல்லாரும் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரிந்த பிறகு.

எலெக்ட்ரீசியனிடம் மட்டும் ஒரு ஜாக்கிரதை. அவர் தொகை சொல்வதற்கு முன் உன் மதிப்பீட்டை ஒரு தாளில் எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொள். முதலில் காதில் விழுந்த எண் நம்மை இழுத்துவிடும்.

இனி கஷ்டமான இடம். 2024 ஜனவரியில் அதே பள்ளத்தில் அதே பேனலைத் திரும்பக் கட்டியவர் அண்ணாச்சிதான். அந்தப் பணம் அவரை விடாது. 1985இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் ஓஹையோவில் நாடகங்களுக்கு சீசன் டிக்கெட் விற்றுப் பார்த்தார்கள், சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி. சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிகம் வந்தார்கள். போட்ட காசு திரும்ப வராது என்று தெரிந்தும் மனசு அதையே பிடித்துத் தொங்குகிறது. முதலாளிக்கு இதோடு கௌரவமும் சேர்ந்துகொள்கிறது. நீ பேனலை மாற்றச் சொல்வது, அன்றைக்கு நீங்கள் செய்தது தப்பு என்று அவர் காதில் விழும்.

உள்ளபடியே அது தப்பும் இல்லை. பிசான அறுவடை வருமுன் மில்லை ஓட்டியாக வேண்டிய அவசரத்தில் வேறு என்ன செய்ய முடியும்? அதை அப்படியே சொல்லு: “அன்னைக்கு உங்க முடிவுதான் சரி அண்ணாச்சி, இல்லன்னா நெல்லு வேற மில்லுக்குப் போயிருக்கும். இப்பம் நமக்கு நேரம் இருக்கு.” இதில் முகஸ்துதி இல்லை, நடந்ததே இதுதான். பொய்யாக ஒரு புகழ்ச்சி சேர்த்தாயானால் உடனே கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் உன் கணக்கையும் நம்ப மாட்டார்.

பைய போ. அறுவடை நெருக்கத்தில் வேண்டாம், சம்பளம் போடுகிற நாளிலும் வேண்டாம். ஒரு தாள் போதும்: மேலே 2 லட்சம், அதற்குக் கீழே சுவரில் அளந்த உயரம், அதற்கும் கீழே இதில் எது தப்பாகலாம் என்று நீயே எழுதிய இரண்டு வரி. எலிவேட்டர் குழிக்கு இதில் தீர்வு இல்லை என்பதையும் எழுது. வேண்டாம் என்றால் வாதாடாதே. என்ன தெரிந்தால் மனசு மாறும் என்று கேட்டு, ஐப்பசி மழை தொடங்குமுன் மறுபடி பேச ஒரு தேதி வாங்கிக்கொண்டு வா.

எலெக்ட்ரீசியன் கொட்டேஷன் வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. கூடவே சரக்கு இன்சூரன்ஸ் பாலிசியையும் போட்டோ எடுத்து அனுப்பு, மெஷினுக்கு வெள்ளப் பாதுகாப்பு அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நீ அவரிடம் பேச வேண்டும்.

அன்புடன்,
அத்தை